துணைத் தலைவர் இடம் காலி

ஏலே,

உன் ஹெட்போனின் பஞ்சு உரிய ஆரம்பித்துவிட்டது. கழற்றி வைத்தால் காதைச் சுற்றிக் கறுப்புத் துணுக்குகள். "என்னட்டி, காதெல்லாம் கரி அப்பிக் கிடக்கு?" என்று அம்மா கேட்டாள். துடைத்துக்கொண்டு மறுபடியும் மாட்டிக்கொண்டேன். நீ புதுசு வாங்கியபோது பழசை என் தலையில் கட்டியது இது. "இன்னும் எத்தனையோ வருசம் உழைக்கும்ட்டி" என்று வேறு சொன்னாய். உன் வாக்கில் எதுதான் பலித்தது, இது மட்டும் பலிக்க?

இன்று மதியம் புதூர் மாரிச்சாமி செய்தி அனுப்பியிருந்தான். "அக்கா, மழை நல்லா இறங்கிட்டு. டிராக்டர் கிடைச்சிருக்கு. ஞாயித்துக்கிழமை சண்டைக்கு வர மாட்டோம்." அவ்வளவுதான். கெஞ்சலும் இல்லை, மன்னிப்பும் இல்லை. இப்படி எழுதலாம் என்று அவனைப் பழக்கியவன் நீ. படித்ததும் உன்மேல் இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த கோபம் மொத்தமாக வந்துவிட்டது. இறந்தவர்கள்மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். நான் படுகிறேன். நீ இருந்தபோது படவேண்டிய அளவுக்குப் படவில்லை.

ஒன்றாகப் பாலிடெக்னிக் முடித்து, நீ உன் சித்தப்பாவின் தீப்பெட்டி ஆபீசில் சூப்பர்வைசர் ஆனாய். நான் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்தேன். கைப்பேசியில் கோட்டை பிடிக்கிற அந்த விளையாட்டை எனக்குக் காட்டியது நீதான். ஆட்கள் சேர்ந்து ஒரு கூட்டம் அமைக்க வேண்டும், அதற்குப் பெயர் கில்டு. ஞாயிறு பிற்பகல்தோறும் இன்னொரு கில்டின் கோட்டையைத் தாக்க வேண்டும், நம்முடையதைக் காக்கவும் வேண்டும். 'கரிசல் கோட்டை' என்று பெயர் வைத்தோம். உன்னையும் என்னையும் தவிர முதலில் சேர்ந்தவர்கள் ஆடு மேய்க்கிற மாரிச்சாமியும், புதியம்புத்தூரில் ரெடிமேட் சட்டை தைக்கிற முத்துலட்சுமியும்தான். பிறகு அவர்கள் வழியாகப் புதூர்ப் பக்கத்து ஊர்களெல்லாம் வந்து சேர்ந்தன.

தீப்பெட்டி ஆபீசுக்குள் கைப்பேசி கொண்டுபோக முடியாது. தீப்பற்றுகிற மருந்து இருக்கிற இடம். அதனால் நாள் முழுக்க மனசுக்குள்ளேயே சண்டை போட்டுவிட்டு, டீ குடிக்க வெளியே வந்ததும் அத்தனையையும் எனக்குக் கொட்டுவாய். "வடக்கு வாசல்ல முத்துலட்சுமிய நிறுத்துட்டி. அவ தையல் மிசின்ல உக்காந்த மாதிரி அசையாம நிப்பா." நீ யோசிப்பாய், அதை ஒவ்வொருவருக்கும் புரிய வைத்து, சிணுங்குகிறவனைச் சமாதானம் செய்து, ஞாயிற்றுக்கிழமை ஆளைக் கொண்டுவந்து நிறுத்துவது என் வேலை. இந்த வேலைக்கு விளையாட்டில் புள்ளி கிடையாது.

கில்டில் உனக்கென்று இரண்டு வழக்கம் வைத்திருந்தாய். ஒன்று, மழை பெய்து விதைப்பு வந்தால் யாரும் யாரையும் ஏன் வரவில்லை என்று கேட்கக் கூடாது. கரிசலில் ஈரம் காய்வதற்குள் உளுந்தும் பாசியும் போட்டாக வேண்டும். அது கோட்டைக்காகக் காத்திருக்காது. வெளியூரிலிருந்து சேர்ந்தவர்களுக்கு இது வேடிக்கையாக இருந்தது. இன்னொன்று, நீயும் நானும் சேர்க்கிற ஆயுதமும் கவசமும் புதிதாக வந்தவர்களுக்கே போய்விட வேண்டும். கொடுத்தால் நம் புள்ளி குறையும். "நாம வளந்தவிய. அவிய வளரட்டும், குடுட்டி" என்பாய். நானும் கொடுத்தேன். பட்டியலில் என் பெயர் எப்போதும் பாதிக்குக் கீழேதான் கிடந்தது.

அந்தப் புரட்டாசி மறக்குமா? சீசனின் கடைசிச் சண்டை. தென்மாநிலங்களிலேயே முதலிடத்தில் இருந்த கில்டு எதிரே. முந்தின நாள் மழை கொட்டித் தீர்த்துவிட்டது. நம் ஆட்களில் பாதிப்பேர் விதைக்கப் பிஞ்சைக் காட்டில். தேதியை மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாமா என்றேன். "எதுக்கு? வெளிமதில விட்டுருவோம். எல்லாரும் உள்முற்றத்துல பதுங்குங்க. ஆளில்லாத கோட்டைன்னு உள்ள வரட்டும்" என்றாய். வந்தார்கள். கும்பலாக, சிரித்துக்கொண்டு வந்தார்கள். கடைசி ஆள் நுழைந்ததும் முத்துலட்சுமி பின்வாசலை அடைத்தாள். அந்த நேரம் பார்த்து மாரிச்சாமியின் குரல்: "அண்ணாச்சி, டிராக்டர் இன்னும் எங்க பிஞ்சைக்கு வரல. வரப்புலதான் நிக்கேன். கொஞ்ச நேரம் அடிச்சுட்டுப் போறேன்." நீ சிரித்த சிரிப்பு இந்த ஹெட்போனில் இரைந்தது. ஜெயித்தோம். மறுநாள் எங்கெங்கிருந்தோ சேர விண்ணப்பங்கள் வந்தன. கோயம்புத்தூர்க்காரன் அப்போது வந்தவன்தான். நன்றாக ஆடுவான். ஒரு வாளைக்கூட யாருக்கும் கொடுக்க மாட்டான்.

அந்த வாரம் டீக்கடையில் உன்னிடம் கேட்டேன். கில்டு அமைப்பில் தலைவர் என்று உன் பெயர்; அதற்குக் கீழே துணைத் தலைவர் என்று ஒரு கட்டம், வெகுநாளாகக் காலி. "என் பேரப் போட்டு வைலே" என்றேன்.

"ஊருக்கே தெரியும்ட்டி நீதான் எல்லாம்னு. அத வேற எழுதி வைக்கணுமாக்கும்?"

"உங்க தாத்தா வாய்ப்பேச்சுல பிரிச்ச பிஞ்சைக்கு இன்னும் கோர்ட்டுக்கு அலையுதிய. பத்தலையா?"

சிரித்தாய். டம்ளரைக் கீழே வைத்தாய். அப்புறம்தான் உண்மை வந்தது. "பொம்பளப் பேரு மேல இருந்தா புதுசா வந்த வெளியூர்ப் பயலுவ கேலி பண்ணுவானுவ. அடுத்த சீசன் முடியட்டும், போடுதேன்."

நான் டீயைக் குடித்து முடித்தேன். அடுத்த சீசன் முடிந்தது. நீ போடவில்லை. நானும் இரண்டாம் முறை கேட்கவில்லை. உரிமையாக வரவேண்டியதைப் பிச்சை மாதிரி எத்தனை தரம் கேட்பது?

பிறகு கயத்தாறு விலக்கில் லாரி.

உன் சாவுக்குத் துட்டி கேட்க மாரிச்சாமி வேன் பிடித்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். ஒருவர் முகத்தை ஒருவர் அன்றுதான் பார்த்தோம். குரலை வைத்துத்தான் அடையாளம் கண்டுகொண்டோம். "இவிய எல்லாம் யாரு?" என்று உன் பெரியப்பா கேட்டார். உன் அண்ணன் சொன்னார், "செல்லுல விளையாடுத கூட்டம். வேற சோலி கிடையாது." நீ கட்டி எழுப்பியது உன் வீட்டு வாசலில் வந்து கைகட்டி நின்றது, உட்காரச் சொல்ல ஆளில்லை. முத்துலட்சுமி அழுத அழுகையைப் பார்த்துவிட்டுப் பெண்கள் குசுகுசுத்தார்கள்.

தலைவர் ஒரு மாதம் உள்ளே வராவிட்டால் பட்டம் துணைத் தலைவருக்குப் போகும். அந்த இடம் காலியாக இருந்தால், அதிகப் புள்ளி வைத்திருக்கிறவருக்கு. விளையாட்டின் சட்டம் அது. உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். காரியம் முடிந்த பிறகு உன் அண்ணனிடம் போய், உன் கைப்பேசியைக் கொஞ்ச நேரம் தரச் சொல்லிக் கேட்டேன். உன் கணக்கில் நுழைந்து அந்த ஒரு கட்டத்தை நிரப்பினால் போதும்.

"எல்லாத்தையும் அழிச்சு எம் மவனுக்குக் குடுத்தாச்சு. ஆமா, நீ யாரும்மா?"

நான் யார்? சொல், உன் அண்ணனுக்கு நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும்?

பட்டம் கோயம்புத்தூர்க்காரனுக்குப் போயிற்று. யாருக்கும் எதுவும் கொடுக்காதவனிடம்தான் புள்ளி நிறைய இருந்தது. அடுத்த விதைப்பில் மழை வந்தது. புதூர் ஆட்கள் வழக்கம்போல் ஒரு வரி எழுதிவிட்டுப் பிஞ்சைக்குப் போனார்கள். திரும்பி வந்து பார்த்தால் கில்டில் அவர்கள் பெயரே இல்லை. வராதவர்கள் வெளியே என்று ஒரே அமுக்கில் தூக்கிவிட்டான். உன் பெயரும் அதில் போயிற்று. கோட்டையைக் கட்டியவனின் பெயருக்கு எதிரே 'நீக்கப்பட்டார்' என்று வந்ததை நான் கடையில் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டே பார்த்தேன். மிசின் ஓடி முடித்தும் தாளை எடுக்காமல் நின்றேன்.

அவனிடம் பேசினேன். விதைப்பு வழக்கத்தைச் சொன்னேன். மரியாதையாகத்தான் கேட்டுக்கொண்டான். "சரிங்க, வருத்தந்தானுங்க. ஆனா நீங்க சொல்லி நான் எதுக்குங்க கேக்கோணும்? உங்களுக்குப் பதவி ஒண்ணும் இல்லீங்களே." அவன்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. சட்டப்படி பேசினான். அந்தக் கேள்விக்கு இடம் வைத்துவிட்டுப் போனது நீ. நாலு பயல்களின் கேலிக்குப் பயந்து என்னைக் காலி இடமாக வைத்திருந்தாய். அந்தக் காலி இடத்தின் வழியாகத்தான் எல்லாம் போயிற்று.

அன்றே வெளியேறினேன். தூக்கப்பட்டவர்களைத் தேடிப் பிடித்துப் புதிதாக ஒரு கில்டு தொடங்கினேன். தலைவர் என் பெயர். முதல் நாளே, வேறெதையும் தொடுவதற்கு முன்னால், துணைத் தலைவர் கட்டத்தில் முத்துலட்சுமியைப் போட்டேன். "எதுக்குக்கா இதெல்லாம், நமக்குள்ள?" என்றாள். "நமக்குள்ளங்கதாலதான்" என்றேன். கேலி செய்தவர்கள் இருந்தார்கள். போய்விட்டார்கள். அதனால் ஒரு மதிலும் இடிந்துவிடவில்லை. இத்தனை லேசான காரியத்துக்கா நீ அத்தனை நாள் பயந்தாய் என்று நினைக்கும்போதுதான் இன்னும் வயிறு எரிகிறது.

உன்னுடைய இரண்டு வழக்கமும் இங்கேயும் உண்டு. அதை விட எனக்கு மனம் வரவில்லை. உன்னிடமிருந்து எனக்கு வந்தது அதுவும் இந்த ஹெட்போனும்தான். மாரிச்சாமிக்கு "சரி, விதைச்சுட்டு வா" என்று பதில் போட்டுவிட்டேன். இந்த ஞாயிறு தோற்போம். தோற்றால் தோற்கட்டும்.

ஒன்று சொல்ல வேண்டும். விளையாட்டில் உன் பெயர் இன்னும் இருக்கிறது. எந்தக் கில்டிலும் சேராத ஆளாக, தனியாக. அதைப் பார்த்துப் பார்த்து, போன வாரம் உனக்கு ஓர் அழைப்பு அனுப்பினேன். பதில் வராத அழைப்பு கொஞ்ச நாளில் தானாக ரத்தாகிவிடும். இன்று காலை ரத்தாகிவிட்டது. இப்போது இந்தக் காதுக் கரியைத் துடைத்துவிட்டு மறுபடியும் அனுப்பியிருக்கிறேன்.

சாதாரண உறுப்பினராகத்தான். பதவி எல்லாம் நிரம்பிவிட்டது.