முன்னூத்தம்பது மில்லி அரிசி

என்னங்க,

மார்பைப் பெரிசாக்குற ஆபரேஷனுக்கு அளவு சொல்லிட்டு வர டாக்டர்கிட்ட போறேன். நேத்து சின்னப் பைகள்ல வேற வேற அளவுல அரிசி கட்டி சட்டைக்குள்ளே வெச்சுக் காட்டினப்ப, போன்ல இருந்து தலையைக்கூட நிமிர்த்தாம "முன்னூத்தம்பது மில்லிதான் கச்சிதம்"னீங்க. காலையில அதை வெச்சு டேப் போட்டுப் பார்த்தேன். என் தையல் நோட்டுல இருக்குற மாடி வீட்டு நர்ஸோட அளவு, இம்மி பிசகல. தைக்கிற எனக்கே நோட்டைப் பார்த்தாதான் தெரியும். உங்களுக்கு எப்படி மனப்பாடம்?

தைச்ச சட்டையை வாங்க ஆறு மணிக்கு அவ வருவா. ஜன்னல் வழியா குடுத்தா போதும், கதவைத் திறக்க வேணாம்.

நான் இருநூறுன்னுதான் சொல்லப்போறேன்.

இன்னொண்ணு: நீங்க கச்சிதம்னு சொன்ன அரிசியைத்தான் குக்கர்ல வெச்சிருக்கேன். ஆசை தீர சாப்பிடுங்க.