ஐந்து மணிக்குக் கேட்ட இருபத்தாறு பேர்

அன்பு மகளுக்கு, அப்பா சொல்லச் சொல்ல அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். அம்மாவின் இடது முழங்கால் மட்டும் சுகமில்லை, அதை எழுத வேண்டாம் என்றாள், நான் எழுதச் சொன்னேன், எழுதினாளா என்று நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும், எனக்குத் தெரிய வழியில்லை. அங்கே நீயும் மாப்பிள்ளையும் சுகமா என்று கேட்பது வழக்கம். நீ சுகமாக இல்லை என்று முந்தாநாள் மாப்பிள்ளையே போன் செய்து சொல்லிவிட்டதால் அந்த வரியை இந்தத் தடவை விட்டுவிட்டோம்.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று யோசிப்பாய். போனில் சொன்னால் நீ பதில் பேசுவாய். டாக்டர் உன்னைப் பேசக்கூடாது என்று சொல்லியிருக்கிறார். அம்மா இதை எழுதி முடித்ததும் படம் பிடித்து மாப்பிள்ளைக்கு அனுப்புவாள், அவர் உன் கையில் கொடுப்பார், நீ வாயை மூடிக்கொண்டு படிக்கலாம்.

மாப்பிள்ளை அம்மாவிடம் பேசும்போது நான் பக்கத்தில்தான் இருந்தேன். அத்தை, அவ தொண்டைக்குள்ள சின்னதா காய்ப்பு மாதிரி வந்திருக்காம், பதினஞ்சு நாள் ஒரு வார்த்தை பேசாம இருந்தா தானா அடங்கிடும், பேசினா கத்தி வைக்கணும், வச்சாலும் பழைய குரல் வரும்னு சொல்ல முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க, இவ கேக்க மாட்டேங்குறா என்றார். ஏன் கேட்கவில்லை என்று அம்மா கேட்டாள். காலையில அஞ்சு மணிக்குக் காத்திருக்கிறவங்களை ஏமாத்த மாட்டேன்னு பேப்பர்ல எழுதிக் காட்டுறா அத்தை, அதுவும் பெரிய எழுத்துல என்றார். அந்தக் காரணத்துக்குத்தான் இந்தக் கடிதம், ஆனால் அதற்கு வருவதற்கு முன் கொஞ்சம் வீட்டு விஷயம் சொல்கிறேன், எடுத்தவுடன் சொல்லத் தைரியம் இல்லை.

உன் அண்ணன் வீட்டுக் கூரை ஒழுகுவது நின்றுவிட்டது, மழை நின்றதுதான் காரணம். மாடியில் குடியிருப்பவர் புதிதாகத் துணி துவைக்கும் மெஷின் வாங்கியிருக்கிறார், அது ஓடும்போது நம் சமையலறை அலமாரியில் டம்ளர்கள் எல்லாம் ஒரு விரல் தள்ளி நிற்கின்றன, அம்மா அவற்றைத் திரும்பத் தள்ளி வைக்கிறாள், அவர் திரும்பத் துவைக்கிறார். எனக்கு வேலை பழையபடிதான். ஏலம் கூவுவதை விட்டு நாலு வருஷமாகியும் மண்டியை விட முடியவில்லை என்று உனக்குத் தெரியும். ஏலக்கூடத்தின் மூலையில் பலகை போட்டு, மின்சாரப் பிளக்குகள் வரிசையாக வைத்து, சுமை தூக்குகிறவர்களின் போன்களுக்கும் வாசலில் டீ விற்கிற அக்காவின் போனுக்கும் காவல் உட்கார்ந்திருக்கிறேன். மூட்டையைத் தோளில் ஏற்றும்போது சட்டைப் பையில் போன் இருந்தால் நசுங்கிவிடும், அதனால் நாலரை மணிக்கு என்னிடம் கொடுத்துச் சார்ஜில் போட்டுவிட்டுப் போவார்கள், ஏழரைக்கு வந்து வாங்கிக்கொள்வார்கள். எந்தப் போன் யாருடையது என்று சீட்டு ஒட்டுவதில்லை, ஒட்டினாலும் நான் படிக்கப் போவதில்லை, எல்லாம் மனதில் இருக்கிறது. போன மாதம் வரை மொத்தம் இருபத்தாறு போன்.

உன் பாட்காஸ்டில் ஐம்பத்தெட்டாவது பேச்சு நினைவிருக்கிறதா, நீ மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை. பாய் முடைகிற கூட்டுறவுக்காரரோடு பேசி முடித்துவிட்டுக் கடைசியில் நீ தனியாகச் சொன்னாய், சிறுதொழில் செய்கிறவர்களைத் தேடித் தேடிப் பேச வைக்கிறேன், நாற்பது பேர்தான் கேட்கிறீர்கள், இதை நிறுத்திவிடலாமா என்று யோசிக்கிறேன் என்று. உன் குரல் அந்த இடத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டது. மறுநாள் காலையில் பலகை முன்னால் உட்கார்ந்திருந்தேன். எதிரே இருபத்தாறு போன் சும்மா படுத்திருந்தன.

அவர்களிடம் கேட்டுத்தான் செய்தேன், திருட்டுத்தனமாக இல்லை. என் பொண்ணு பேசுறதை உன் போன்ல போட்டுக்கட்டுமா என்று கேட்டேன், அதுக்கென்னண்ணே, போடு, போன் தேயவா போகுது என்றார்கள். வெங்காய மூட்டைக்காரர் ஒருவர் ஒவ்வொன்றிலும் உன் நிகழ்ச்சியை ஏற்றிக் கொடுத்தார். உன் முகம் இருக்கும் வட்டத்தைத் தொட வேண்டும், பிறகு அம்புமுனை போல் இருப்பதைத் தொட வேண்டும், எனக்கு அவ்வளவு தெரிந்தால் போதும். சத்தத்தை எறும்புக்குக் கேட்கிற அளவு குறைத்து, ஒன்றாவது பேச்சிலிருந்து வரிசையாக, தினமும் ஐந்து மணிக்கு ஒன்று, இருபத்தாறு போனிலும் ஓடவிட்டேன். புதிது வந்தால் அன்றைக்குப் புதிது. நான் மட்டும் என் போனைக் காதில் வைத்துக் கேட்பேன்.

இந்த இடத்தில் அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். அவளுக்கும் இது இப்போதுதான் தெரியும். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள், டம்ளர்களைத் தள்ளி வைக்கும் சத்தம் கேட்டது, மெஷின் ஓடவே இல்லை. திரும்பி வந்து, அப்ப அந்த அஞ்சு மணி ஆளுங்க நீங்கதானா, பொண்ணு பேச்சுக்கு அத்தனை பேர் காத்திருக்காங்கன்னு நான் தெரு முழுக்கச் சொல்லி வச்சிருக்கேனே, தையல்காரி கிட்டகூடச் சொன்னேனே, இனிமே எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு ஜாக்கெட் வாங்கப் போறது என்றாள். இப்போது மறுபடி எழுதுகிறாள். எழுத்து கொஞ்சம் அழுத்தமாக விழுந்தால் அது அவள் கோபம், என்னுடைய அழுத்தம் இல்லை.

அறுபத்தொன்றாவது பேச்சில் நீ சந்தோஷப்பட்டாய், நேயர்கள் கூடியிருக்கிறார்கள் என்றாய். நானும் சந்தோஷப்பட்டு அதோடு விட்டிருக்க வேண்டும். எழுபதாவதில் சொன்னாய், ஓர் ஊரிலிருந்து தினமும் விடியற்காலை ஐந்து மணிக்கு இருபத்தைந்து பேருக்கு மேல் கேட்கிறார்கள், பழையதையெல்லாம் தேடித் தேடிக் கேட்கிறார்கள், பாதியில் ஒருவர்கூட எழுந்து போவதில்லை, இவ்வளவு ஆசையாகக் கேட்கிறவர்களுக்கு வாரம் ஒன்று எப்படிப் போதும், இனி தினமும் ஒன்று தருகிறேன் என்று. பாதியில் எழுந்து போகவில்லை என்றால், மகளே, அந்தப் போன்கள் ஒயரில் மாட்டியிருந்தன. அது நம் ஊர், அங்கேதான் அப்பா இருக்கிறார் என்று உனக்குத் தோன்றவே இல்லை. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதது உனக்குத் தெரியும், அதனால் என்மேல் சந்தேகம் வரவில்லை போலிருக்கிறது.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ உடைந்துபோவாய் என்று ஒரு நாள் தள்ளினேன், ஒரு நாள் ஆறு வாரமாகிவிட்டது. ஆபீஸ் வேலை முடித்து வந்து, ஆளைத் தேடி, பேசி, வெட்டி ஒட்டி, இங்கே ஐந்து மணி அடிப்பதற்குள் அனுப்பி, நாற்பத்திரண்டு பேச்சு பேசியிருக்கிறாய். நாற்பத்திரண்டையும் கேட்டேன். தொண்ணூறிலிருந்து உன் மூச்சு வாக்கியத்தின் நடுவில் விழுகிறது. தொண்ணூற்று மூன்றிலிருந்து ஆரம்பத்தில் வரும் சிரிப்பு ஒரே சிரிப்பு, முன்பே பிடித்து வைத்ததை ஒட்டுகிறாய் என்று தெரிகிறது. அதெல்லாம்கூடப் பரவாயில்லை. தொண்ணூற்றேழில் சோப்புச் செய்கிற அம்மாள் மறுபடி வந்தார்கள், வீட்டுக்காரர் தொழிலில் எப்படி உதவுகிறார் என்று கேட்டாய். பன்னிரண்டாவது பேச்சில் அவர் இறந்துபோனதை அந்த அம்மாள் உன்னிடம்தான் சொன்னார்கள், அன்றைக்கு நீயும் கூட அழுதாய். இந்தத் தடவை அவர்கள் நாலு எண்ணுகிற நேரம் பேசவில்லை. பிறகு, ம், எல்லாம் நல்லபடியா போகுதும்மா என்றார்கள். திரும்பக் கேட்டுப் பார்க்க உனக்கு நேரம் இருந்திருந்தால் அதை வெளியே விட்டிருக்க மாட்டாய். நீ கெட்டவள் இல்லை, தூங்காதவள்.

எனக்கு இது தெரியாத விஷயம் இல்லை. எங்கள் கூடத்தில் ஏலம் கூவ எப்போதும் இரண்டு பேர். பன்னிரண்டு குவியல் முடிந்ததும் துண்டு ஒருவர் தோளிலிருந்து மற்றவர் தோளுக்குப் போகும். துண்டு இல்லாதவன் வாய் திறக்கக்கூடாது, வணக்கம்கூடக் கையால்தான், வெந்நீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். தொண்டை வலித்தால் மாற்றுவது என்று வைக்கவில்லை, பன்னிரண்டு ஆனால் மாற்றுவது என்று வைத்தார்கள், வலித்த பிறகு மாற்றினால் அது மாற்றுவது இல்லை, விழுவது. நீ பிறந்த வருஷம் என் ஜோடிக்காரர் தங்கை கல்யாணத்துக்குப் போய்விட்டார், வேறு ஆள் வைக்கிறேன் என்றார் முதலாளி, வேண்டாம், என் குரலுக்குத்தான் ஆள் வருகிறது என்று துண்டைக் கீழே வைக்காமல் நாற்பது நாள் நானே கூவினேன். நாற்பத்தோராம் நாள் ஒரே முட்டைகோஸ் குவியலை இரண்டு பேருக்கு விற்றேன். இரண்டு பேரும் தலையசைத்தார்கள், இரண்டு பேருக்கும் முடித்துக் கொடுத்தேன், இரண்டு பேரும் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். முதலாளி என்னைப் பத்து நாள் வீட்டில் உட்காரச் சொன்னார். வியாபாரிகள் எல்லாம் கலைந்துவிடுவார்கள் என்று நான் பத்து நாளும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் போனபோது ஒருவரும் கலையவில்லை. ஒருவர் மட்டும், என்னண்ணே, நேத்து உங்களைக் காணோமே என்றார். முட்டைகோஸ் என்னைக் கேட்டுக்கொண்டு மண்டிக்கு வரவில்லை என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

ஆகையால் நான் சொல்வது இது. பதினைந்து நாள் வாயைத் திறக்காதே. அதற்குப் பிறகு பழையபடி வாரம் ஒன்று போதும். நல்ல தொண்டை இருக்கிற ஒரு நாளில் உட்கார்ந்து மூன்று நாலு பேரோடு பேசி வைத்துக்கொள், வாரா வாரம் கடைசி நேரத்தில் ஆள் தேடி ஓடாதே. பன்னிரண்டு ஆனதும் ஒரு மாதம் நிறுத்து, நிறுத்தப் போகிறேன் என்று முன்னாலேயே சொல்லிவிட்டு நிறுத்து, காரணம் சொல்லாமல் கதவைச் சாத்தினால்தான் ஆட்கள் வேறு கதவைத் தேடுவார்கள். வெட்டி ஒட்டும் வேலையைத் தான் கற்றுக்கொள்வதாக மாப்பிள்ளை சொன்னார். முதலில் கொஞ்சம் கோணலாகத்தான் வெட்டுவார், விடு, துண்டைக் கொடுத்த பிறகு பிடுங்கக்கூடாது.

இன்று காலையிலிருந்து போன்களில் ஓடவிடுவதை நிறுத்திவிட்டேன். உன் கணக்கில் இருபத்து நாலு குறையும், பயப்படாதே, யாரும் கோபித்துக்கொண்டு போகவில்லை, நான் கையை எடுத்தேன், அவ்வளவுதான். இருபத்தாறும் பொய் என்றும் நினைத்துவிடாதே. இரண்டு நிஜம். வெங்காய மூட்டைக்காரர் போன மாதத்திலிருந்து தன் போனை என்னிடம் கொடுப்பதில்லை, காதில் ஒயரை மாட்டிக்கொண்டு மூட்டை தூக்குகிறார், உன்னோடு பேசிய குடைக் கம்பெனிக்காரர் சொன்னது தப்பு என்று என்னிடம் இரண்டு நாள் சண்டை போட்டார். கூடத்து வாசலில் டீ விற்கிற அக்கா, நீ நாற்பத்து நாலில் சொன்னதைக் கேட்டு, பத்து வகை பலகாரத்தை மூன்றாகக் குறைத்துவிட்டு இப்போது ஒன்பது மணிக்கெல்லாம் வீட்டுக்குப் போகிறார். நேற்று அவரிடம் உன் தொண்டை விஷயத்தைச் சொன்னேன். அட, அந்தப் பொண்ணு ஊருக்கெல்லாம் குறைச்சுக்கோன்னு சொல்லிட்டுத் தான் மட்டும் கூட்டிக்கிட்டே போகுதா, சொல்லு, கொஞ்ச நாள் கழிச்சு வரட்டும், நாங்க எங்க போகப் போறோம் என்றார். அவர் சொன்ன மாதிரியே எழுதச் சொல்லியிருக்கிறேன்.

என்மேல் கோபம் இருந்தால் பேப்பரில் பெரிய எழுத்தில் எழுதி அனுப்பு, அம்மா படித்துக் காட்டுவாள், சந்தோஷமாகவே படிப்பாள். உனக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் ஆசி எப்போதும் உண்டு, நல்ல தூக்கமும் பசியும் உங்கள் இருவருக்கும் நிறைய வாய்க்க வேண்டும். ஒன்றை மறக்காதே, குரல் திரும்பி வந்ததும் முதல் பேச்சு நிகழ்ச்சிக்கு இல்லை, சோப்புக்கார அம்மாளுக்குப் போன் செய். எங்களுக்கு இரண்டாவதாகச் செய்தால் போதும்.

நீ பேசாத இந்தப் பதினைந்து நாளும் நான் வழக்கம்போல் ஐந்து மணிக்குப் பலகை முன்னால்தான் உட்கார்ந்திருப்பேன். என் ஒரு போனில் மட்டும் முப்பத்தொன்றாவதைப் போட்டுக் கேட்டுக்கொள்வேன். அதில் நடுவில் டம்ளரைக் கீழே போட்டுவிட்டு மூன்று தடவை சிரிக்கிறாய், அதை வெட்டாமல் விட்டிருக்கிறாய். நன்றாகத் தூங்கி எழுந்து வந்து பேசியிருக்கிறாய்.

இப்படிக்கு,
இருபத்தாறு பேர் சார்பில்,
உன் அப்பா
(கீழே இருப்பது என் கட்டைவிரல், மையை அம்மா கொஞ்சம் அதிகமாகத் தடவிவிட்டாள்)