உதிக்கும் நிலா ஏன் பெரியது

மார்ச் 4
நேற்று மாலை நூலகக் கூட்டத்தில் மச்சினன் பேசினான். உதிக்கும்போது நிலா ஏன் பெரிதாகத் தெரிகிறது? பக்கத்தில் வீடும் மரமும் இருப்பதால் கண் ஒப்பிட்டு ஏமாறுகிறதாம். காகிதக் குழாய் வழியாகப் பார்த்தால் நிலா சுருங்கிவிடுமாம். கைதட்டினார்கள்.

அது என் யோசனை. குழாயும் என்னுடையது. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்த காலத்தில், காலண்டர் தாளைச் சுருட்டிப் பார்த்து நானே கண்டது. போன வருடம் சாப்பிடும்போது அவனிடம் சொன்னேன். சொன்ன வாயைத் தைக்க வேண்டும்.

அவனிடமே கேட்டேன். “நீங்க சொன்னீங்களா அத்தான்? எனக்கே தோணின மாதிரியில்ல இருக்கு” என்றான்.

பொய் சொல்கிறவன் முகம் எனக்குத் தெரியும். இது அந்த முகம் இல்லை. அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

மார்ச் 6
கல்லூரியில் பாடம் நடத்தியவன் சொன்னால் விஞ்ஞானம். நான் சொன்னால் சாப்பாட்டுப் பேச்சு.

மார்ச் 11
நூலகத்துக்குப் போனேன். எனக்கு முன்னால் எவனும் சொல்லவில்லை என்று நிரூபித்து அவன் வாயை அடைக்க. ஒளியைப் பற்றிய வரலாறு, தலையணை மாதிரிப் புத்தகம். காற்றின் ஈரம்தான் நிலாவைப் பெரிதாக்குகிறது என்று பழங்காலத்தில் ஒருவர். அதெல்லாம் இல்லை, இடையில் தெரியும் பொருள்களால் மனம் அதைத் தொலைவில் வைத்துப் பெரிதாகக் காண்கிறது என்று, ஆயிரம் வருடங்களுக்கு முன்பு, இன்னொருவர். குழாயைக்கூட யாரோ வைத்துப் பார்த்தாயிற்று.

செத்துப்போன மனுஷனோட எப்படிச் சண்டை போடுறது?

கடைக்கு வந்த யாராவது என்னிடம் சொல்லியிருப்பார்களோ? இல்லை. சொல்லியிருந்தால் நினைவிருக்கும்.

மச்சினனும் இதைத்தானே சொன்னான்.

மார்ச் 12
புத்தகத்தை அவனிடம் காட்டினேன். “அப்ப ரெண்டு பேருமே திருடனுங்கதான் அத்தான்” என்று சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

அதில் இன்னொன்றும் இருக்கிறது. வீடும் மரமும் இல்லாத நடுக்கடலிலும் உதிக்கும் நிலா பெரிதாம். அப்படியென்றால் என் விளக்கம் போதாது. அவனுடையதும் போதாது — இதை எழுதும்போது கை கொஞ்சம் வேகமாகவே ஓடுகிறது.

ஏப்ரல் 2
முழு நிலா. மொட்டை மாடி. அவனைக் கூப்பிடவில்லை. மனைவி இடுப்பு வலி என்று மடக்குக் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள்.

“எனக்கு ஒண்ணும் பெரிசாத் தெரியலையே.”

“எழுந்து பாரு.”

எழுந்தாள். “இப்பப் பெரிசா இருக்கு.” மறுபடி படுத்தாள். “இப்ப இல்ல. உங்க குழாய்க்கு வேலை போச்சு.”

“படுத்தா வீடெல்லாம் மறையுதா?”

“எங்க மறையுது? எல்லாம் சாஞ்சு கெடக்கு, அவ்வளவுதான்.”

அவளை எழுப்பிவிட்டு நான் படுத்தேன். உண்மைதான். வீடுகள் அங்கேயே இருக்கின்றன, நிலா மட்டும் சிறுத்துவிட்டது. ஒப்பீடு மட்டுமே காரணமென்றால் இது எப்படி? தலை நிமிர்ந்து பார்த்தே பழகிய கண்ணின் வேலையோ?

இத்தனை வருடத்தில் ஒருநாள்கூட நான் படுத்துப் பார்க்கவில்லை. இவளுக்கு இடுப்பு வலித்தது, கிடைத்துவிட்டது.

ஏப்ரல் 3
‘நான் படுத்துப் பார்த்தபோது’ என்று ஒரு பக்கம் எழுதினேன். படுத்துப் பார்த்தது உண்மைதான். கிழித்துப் போட்டேன்.

ஏப்ரல் 9
தலையணைப் புத்தகம் முழுவதும் புரட்டினேன். படுத்துப் பார்த்தவன் எவனும் அதில் இல்லை.

மே 1
மச்சினனை வரச்சொல்லிக் கட்டிலில் படுக்கவைத்தேன். படுத்தான், எழுந்தான், மறுபடி படுத்தான்.

“யாரு கண்டது அத்தான்? நீங்களா?”

தலையாட்டியிருக்கலாம். கழுத்து அசையப் பார்த்தது.

“உன் அக்கா.”

அவன் சிரித்தான். வாய் மட்டும்தான் சிரித்தது. மார்ச் மாதம் முழுவதும் முகம் மழிக்கும்போது நான் கண்ணாடியில் பார்த்த முகம் அது.

“அடுத்த கூட்டத்துல இதப் பேசுவல்ல?” என்றாள் அவள். “எனக்கு முன் வரிசையில இடம் போட்டு வைடா.”

வேறு ஏதாவது புத்தகத்தில் இதுவும் இருக்கும். தேடிப் போகமாட்டேன்.