மருமகளின் எடை

கிழக்குத் தாம்பரம்,
4.6.2003

அன்புள்ள மதினிக்கு,

ஆண்டவர் கிருபையில் இங்கே நானும் உங்கள் அண்ணனும் உங்கள் மாப்பிள்ளை எபியும் ஆஷாவும் சுகம். சாயர்புரத்தில் வெயிலும் உங்கள் மூட்டுவலியும் எப்படி இருக்கின்றன?

போனில் பேசலாம்தான். ஆனால் எங்கள் போன் ஹாலில் இருக்கிறது, ஆஷா காதில் விழும். நீங்களோ பக்கத்து வீட்டில் நின்று பேசுகிறீர்கள். சம்பந்திகள் நாம் பேசிக்கொள்வதை நாலு பேர் கேட்க வேண்டாம்.

உங்கள் மகள் தங்கமான பிள்ளை. ஆனால் கல்யாணமாகி ஐந்து மாதத்தில் அவள் ஜாக்கெட்டை நான் இரண்டு தடவை பிடித்துத் தைத்துவிட்டேன். போன ஞாயிறு ஆராதனை முடிந்து கோயில் வாசலில் வைத்து வேதசிரோமணி டீச்சர், "என்ன ரத்தினபாய், மருமகளுக்குச் சோறு போடறீங்களா, இல்ல உபவாசத்துல வச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்தால் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நான் என்ன குறை வைத்தேன், சொல்லுங்கள். காலையில் பெரிய டம்ளர் பாலில் பச்சை முட்டை அடித்துக் கொடுக்கிறேன். பதினொரு மணிக்கு நெய்யில் வதக்கிய நேந்திரம்பழம், மத்தியானம் கறி, சாயங்காலம் மறுபடி பால், படுக்கும் முன் லேகியம். முகம் சுளிக்காமல் சாப்பிடுகிறாள். எல்லாம் எங்கே போகிறதோ தெரியவில்லை. வயிற்றில் ஏதாவது கோளாறு உண்டா? ஒளிக்காமல் எழுதுங்கள்.

இன்னொன்று. பாத்ரூமுக்குப் போனால் குழாயைத் திறந்துவிட்டு அரை மணி நேரம் உள்ளேயே இருக்கிறாள். இந்த வருஷம் எங்கள் கிணறு வற்றி, லாரித் தண்ணீர் வாங்கித் தொட்டியில் ஏற்றுகிறோம். அதையும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

அன்புடன்,
ரத்தினபாய்


சாயர்புரம்,
11.6.2003

அன்பும் மரியாதையும் உள்ள மதினிக்கு,

கடிதம் கிடைத்தது. என் மகளால் உங்களுக்கு நாலு பேர் முன் தலைகுனிவு வந்ததே என்று இரண்டு நாளாக மனசு சரியில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

அவளுக்கு வயிற்றில் ஒரு கோளாறும் கிடையாது. அது அவள் அப்பாவின் உடல்வாகு. அவரும் கடைசிவரை அப்படியேதான் இருந்து போய்ச் சேர்ந்தார். இங்கே எல்லாம் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தாள். நீங்கள் கொடுப்பது அவளுடைய பாக்கியம். மாமி கொடுப்பது எதையும் வேண்டாம் என்று சொல்லக்கூடாது என்று அவளுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். தண்ணீர் விஷயத்தையும் கண்டித்திருக்கிறேன்.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

என்றும் உங்கள்,
ஞானஜோதி


கிழக்குத் தாம்பரம்,
22.7.2003

அன்புள்ள மதினிக்கு,

நல்ல செய்தி. உங்கள் கடிதம் வந்த பிறகு தைரியமாக எல்லாவற்றையும் கூட்டினேன். பாலில் பாதாமும் போடுகிறேன். சனிக்கிழமைதோறும் அவளைத் தாம்பரம் ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போய், பிளாட்பாரத்தில் விளக்கு மின்னுகிற எடை மெஷினில் ஏற்றுகிறேன். ஒரு ரூபாய் போட்டால் சீட்டு விழும். முதல் வாரம் முப்பத்தெட்டு கிலோ. இந்த வாரம் நாற்பத்தொன்று. சீட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். பின்பக்கம் 'உங்கள் உழைப்புக்குப் பலன் உண்டு' என்று போட்டிருக்கிறது. எனக்குச் சொன்னதுபோலவே இருந்தது.

கண்ணுக்கு இன்னும் தெரியவில்லைதான். எலும்பில் ஏறுகிறது போலும். செப்டம்பரில் எங்கள் கோயிலில் நடக்கும் அறுப்பின் பண்டிகைச் சாப்பாட்டுக்கு அவளை முதல் பந்தியில் உட்கார வைக்கப்போகிறேன். வேதசிரோமணி பார்க்கட்டும்.

பிள்ளைக்கு ஒரே ஒரு பிடிவாதம். அந்தக் கைப்பையைத் தோளில் மாட்டாமல் வாசல் தாண்ட மாட்டாள். என் வீட்டிலும் வைத்தது வைத்த இடத்தில் இருப்பதில்லை. சனிக்கிழமை இஞ்சி தட்ட இரும்புக் குழவியைத் தேடினால் காணோம், ஞாயிற்றுக்கிழமை அதே இடத்தில் இருக்கிறது. எனக்கு வயசாகிவிட்டது என்கிறார் உங்கள் அண்ணன்.

அன்புடன்,
ரத்தினபாய்


கிழக்குத் தாம்பரம்,
10.8.2003

திருமதி ஞானஜோதி அவர்களுக்கு,

நேற்று ஸ்டேஷனில் உங்கள் மகள் எடை மெஷினில் ஏறும்போது கைப்பையின் வார் அறுந்தது. உள்ளேயிருந்து என் இஞ்சிக் குழவியும், அதோடு ஒரு டிரங்குப்பெட்டிப் பூட்டும் பிளாட்பாரத்தில் விழுந்தன. குழவி உருண்டு போய் ஒரு போலீஸ்காரர் காலடியில் நின்றது. அவர் அதை எடுத்துப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, யார் மண்டைய உடைக்க எடுத்துகினு போறீங்க?" என்று கேட்டார். பீச் போகிற வண்டிக்கு நின்ற ஜனம் முழுக்க எங்களையே பார்த்தது. அதில் எங்கள் சபையார் இரண்டு பேர்.

முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தேன். இப்படி ஒரு அவமானம் எனக்கு நேர்ந்ததில்லை. என் மருமகள் என்னையே ஏமாற்றியிருக்கிறாள். ஏன் என்று கேட்டால் அழுகிறாளே தவிர வாய் திறக்கவில்லை. உங்களுக்கும் நான் அந்தச் சீட்டைப் பெருமையாக அனுப்பினேனே, அதை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

நீங்கள் வந்து அவளைக் கூட்டிப் போங்கள். எத்தனை நாள் என்பதைப் பிறகு பேசலாம்.

ரத்தினபாய் தனசிங்


சாயர்புரம்,
15.8.2003

மதிப்பிற்குரிய மதினி அவர்களுக்கு,

அப்படி அழைக்க எனக்கு இன்னும் உரிமை இருக்கிறதா தெரியவில்லை.

ஏமாற்றியது அவள் அல்ல, நான். பத்தாம் வகுப்பில் டைபாய்டு வந்ததிலிருந்து அவளுக்குச் செரிமானம் இல்லை. பால் குடித்தால் உப்பி, உடனே வயிற்றால் போய்விடும். நெய்யும் கறியும் அப்படித்தான். உங்களுக்கு முன்னால் இரண்டு வரன்கள் 'வயிற்றுச் சீக்குக்காரி' என்று கேள்விப்பட்டுத் திரும்பிப் போனார்கள். ஒருவர் வீட்டில் அதைச் சொல்லிச் சிரித்ததாகவும் எங்கள் காதுக்கு வந்தது. அதற்குப் பிறகு நான் யாரிடமும் சொல்லவில்லை. நீங்கள் ஒளிக்காமல் எழுதச் சொல்லியும் பொய் எழுதினேன். ஆஷாவிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தேன்.

30ஆம் தேதி முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஏறுகிறேன், மறுநாள் காலை தாம்பரம். உங்கள் வீட்டு வாசலுக்கு வர எனக்கு முகமில்லை. பிளாட்பாரத்திலேயே நிற்கிறேன், அவளை அனுப்பி வையுங்கள். ஒன்றே ஒன்று கேட்கிறேன். திரும்ப வரவே வேண்டாம் என்று மட்டும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.

ஞானஜோதி


கிழக்குத் தாம்பரம்,
22.8.2003

அன்புள்ள மதினிக்கு,

உங்கள் கடிதத்தை ஆஷாவிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். அதன் பிறகுதான் பேசினாள். பேசியது கொஞ்சம்தான். "சத்தம் வெளிய கேட்டுடுமோன்னுதான் மாமி குழாயத் திறந்து வச்சேன். எபிக்குக் கேட்டா அருவருப்பா இருக்கும்ல." நான் தண்ணீர்க் கணக்குப் பார்த்து அந்தக் கதவைத் தட்டித் தட்டி அதட்டியிருக்கிறேன் மதினி. நான் கொடுத்த பாலுக்குத்தான் அந்தப் பிள்ளை அங்கே போய் உட்கார்ந்திருந்தது.

மறுநாள் சேலையூரில் டாக்டர் எட்மண்டிடம் கூட்டிப் போனேன். எல்லாம் கேட்டுவிட்டு, "பால், பச்சை முட்டை, லேகியம், இத்தனை நெய். ஒத்துக்கொள்ளாத வயிற்றுக்கு இதையெல்லாம் யார் கொடுத்தது?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் ஆஷா, "நானேதான் டாக்டர், சீக்கிரம் வெயிட் போடணும்னு" என்றாள். டாக்டர் அவளைத் திட்டினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். நான்தான் கொடுத்தேன் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. பிளாட்பாரத்தில் பட்டது ஒரு வெட்கமே இல்லை. அவள் எனக்காகத் திட்டு வாங்கியதை இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

பால் அறவே கூடாதாம். கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளை கொடுக்கச் சொன்னார். இட்லி, குழைந்த சாதத்தில் பருப்புத் தண்ணீர், அவித்த முட்டை, முள் எடுத்த மீன், நன்றாகப் பழுத்த வாழைப்பழம். ஒவ்வொன்றாகச் சேர்த்து, வயிறு ஏற்றுக்கொள்கிறதா என்று பார்த்துக் கூட்ட வேண்டும். எடை மெதுவாகத்தான் ஏறும், மாதக்கணக்கில் ஆகும், அவசரப்படாதீர்கள் என்றார். டைபாய்டுக்குப் பிறகு நீங்கள் எதைக் கொடுத்துத் தேற்றினீர்கள் என்று எழுதுங்கள். உங்களுக்குத்தான் தெரியும்.

31ஆம் தேதி காலை நான் பிளாட்பாரத்தில் நிற்பேன். உங்களைத் திருப்பி அனுப்ப அல்ல, வீட்டுக்குக் கூட்டி வர. பண்டிகை முடியும்வரை இருந்துவிட்டுப் போங்கள். பந்தியில் அவளுக்கு ரசம் சாதம் மட்டும் நானே பரிமாறுவேன். வேதசிரோமணி கேட்டால் அவள் வயிற்றுக்கு என்ன சேரும், என்ன சேராது என்று சொல்வேன். நான் செய்ததையும் சொல்வேன்.

குழாயைத் திறக்க வேண்டாம் என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் அவள் பாத்ரூமுக்குப் போனால் நான் ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விடுகிறேன். இரண்டு நாளாகக் குழாய் ஓடவில்லை. "ஏன் இப்படி அலற விடறே, காது கேக்கலையா உனக்கு?" என்று உங்கள் அண்ணன் கேட்டார். ஆமாம், கொஞ்ச நாளாகவே மந்தமாகத்தான் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன். நீங்களும் வந்தால் அப்படியே சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மதினி
ரத்தினபாய்