காற்று உள்ளே போகிற இடம்

நவம்பர் 8, ஞாயிறு

மனைவியை அவள் அக்கா வீட்டில் விட்டுவிட்டு வந்தேன். குளிர் தொடங்கி ஹீட்டரைப் போட்ட நாளிலிருந்து அவளுக்கு இந்த இருமல். மாத்திரை, சிரப், வெந்நீர் ஆவி, எதற்கும் மசியவில்லை. "கொஞ்ச நாள் வேற வீட்டில் இருந்து பாருங்கள்" என்று டாக்டர் சொன்னதை அக்கா கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். இப்போது வீட்டில் சத்தமே இல்லை. நிம்மதியாகவும் இல்லை.

நவம்பர் 11, புதன்

போன் செய்தேன். இருமல் நின்றுவிட்டதாம். சந்தோஷப்பட வேண்டிய செய்திதான். பின்னாலிருந்து சகலையின் குரல்: "எங்க வீட்டுக் காத்து அப்படி, சகலை." என் மனைவியின் அக்காவைக் கட்டியதைத் தவிர இந்த மனிதர் எனக்கு என்ன நல்லது செய்திருக்கிறார் என்று யோசித்தேன். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

கோளாறு வீட்டிலா? இல்லை — வேண்டாம், அதை எழுதப் போவதில்லை.

நவம்பர் 14, சனி

ஹீட்டர் மெக்கானிக் வந்து ஃபில்டரை மாற்றினார். "மெஷின்ல குறை இல்ல சார். டக்ட்ல, அதான் ரூமுக்கெல்லாம் சூடான காத்து போற தகரக் குழாய்ல, எங்கயாவது லீக் இருந்தா தூசி சேரும். முழுசா சோதிக்கணும்னா அடுத்த மாசம்தான் ஆள் வருவாங்க" என்றார்.

அடுத்த மாதம் வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேனா? பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன் நான். எந்த நட்டு எங்கே ஆடுகிறது என்று ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே சொல்லிவிடுவேன். ஒரு தகரக் குழாயிடம் தோற்பதா?

நவம்பர் 15, ஞாயிறு

கார் ஷெட்டில் இருக்கும் ஹீட்டரை முழு வேகத்தில் ஓடவிட்டு, குழாய்கள் போகும் பரணில் ஏறினேன். ஒரு குச்சியின் நுனியில் டிஷ்யூ காகிதத்தைக் கிழித்துக் கட்டி, குழாயின் ஒவ்வொரு இணைப்பருகிலும் பிடித்துப் பார்த்தேன். காகிதம் நடுங்கினால் அங்கே காற்று வெளியேறுகிறது. சந்தேகமான இடங்களில் புறங்கையை நனைத்து வைத்தேன். சிறு காற்றும் சில்லென்று தெரிந்தது. பழைய துணி டேப்பெல்லாம் சருகாக உதிர்ந்தது. சுரண்டி எடுத்துவிட்டு அலுமினிய டேப் ஒட்டினேன். முட்டியில் தோல் போனதுதான் மிச்சம் என்று சொல்ல மாட்டேன். பரணில் இனி ஒரு மூச்சுக் காற்றும் வெளியே வராது.

அடுத்த ஞாயிறு வருகிறாளாம். கார் ஷெட்டில் அவளுக்காகச் செய்யும் டிரெஸ்ஸிங் டேபிள் பாதியில் நிற்கிறது. அதற்குள் வார்னிஷ் அடித்து முடிக்க வேண்டும்.

நவம்பர் 22, ஞாயிறு

வந்தாள். டேபிளைத் தடவிப் பார்த்து, "கடையில வாங்கின மாதிரி இருக்குங்க" என்றாள். காலையில்தான் கடைசிக் கோட் அடித்திருந்தேன், விரலில் ஒட்டியது. மாடியில் படுக்கையறைக்குப் போனாள். இருமல் பிடித்துக்கொண்டது. முன்பைவிட மோசம். சாயங்காலமே சகலை காரோடு வந்துவிட்டார்.

வாசலில் வைத்து, "வீடு புடிக்காம போகலங்க" என்றாள்.

"அப்போ என்னைத்தான் புடிக்கலையா?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். சகலை ஹாரன் அடித்தார்.

நவம்பர் 23, திங்கள்

கேட்டிருக்கக் கூடாது.

நவம்பர் 27, வெள்ளி

அக்கா போனில் முடிவாகச் சொல்லிவிட்டாள்: "குளிர் முடியற வரைக்கும் இவ இங்கேயே இருக்கட்டும். ஞாயித்துக்கிழமை வந்து ஸ்வெட்டர், துணிமணியெல்லாம் எடுத்துக்கட்டும்." குளிர் முடிந்த பிறகு? துணியெல்லாம் அங்கே போன பிறகு ஆள் திரும்பி வருவாளா?

வீட்டுக்குள் உட்கார முடியவில்லை. தினமும் ஷெட்டுக்குப் போய் எதையாவது தேய்த்து வார்னிஷ் அடிக்கிறேன். இன்று ஒரு முக்காலி.

நவம்பர் 29, ஞாயிறு

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

அவள் மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். நானும் சகலையும் ஷெட்டில். அவர் வெளியே எட்டிப் பார்த்துவிட்டுச் சட்டைப்பையிலிருந்து ஒரு சிகரெட்டை எடுத்தார். அக்காவிடம் விட்டுவிட்டேன் என்று சத்தியம் செய்தவர். "கண்டுக்காதீங்க, சகலை" என்று பற்றவைத்தார்.

இரண்டு இழுப்புகூட இழுத்திருக்க மாட்டார். மாடியிலிருந்து அவள் குரல்: "யாரு சிகரெட் புடிக்கிறது? ரூம் பூரா நாறுது."

சகலையின் முகம் வெளுத்துவிட்டது. "கதவெல்லாம் சாத்தித்தானே இருக்கு? எப்படித் தெரிஞ்சுது?" என்று கிசுகிசுத்தார்.

அப்போதுதான் புகையைப் பார்த்தேன். அது மேலே போகவில்லை. படுத்தவாக்கில் நகர்ந்து ஹீட்டருக்குப் பின்னால் இருக்கும் அகலமான குழாயின் இணைப்பில் நுழைந்து காணாமல் போனது.

"அணைக்காதீங்க" என்றேன். "அதை அந்த மூலைக்குக் கொண்டு வாங்க."

"என்னை மாட்டிவிடப் பாக்கறீங்களா?"

கையைப் பிடித்து இழுத்துப் போனேன். இணைப்பில் விரல் நுழையும் அளவு இடைவெளி. அது வீட்டுக் காற்றை ஹீட்டருக்குத் திரும்ப இழுத்து வரும் குழாய். வெளியே ஊதாது, உறிஞ்சத்தான் செய்யும். நான் காற்று வெளியே வருகிற இடத்தை மட்டுமே தேடிக்கொண்டிருந்தேன். உள்ளே போகிற இடம் ஒன்று இருக்கும் என்று இந்த மரமண்டைக்குத் தோன்றவே இல்லை. ஷெட்டில் நான் கிளப்பிய மரத்தூளும் வார்னிஷ் நெடியும் இத்தனை நாளும் அவள் படுக்கையறைக்குத்தான் போயிருக்கின்றன. அவளுக்காக டேபிள் செய்து, அவளையே மூச்சுமுட்ட வைத்திருக்கிறேன்.

இறங்கி வந்தவளிடம் காட்டினேன். "நான்தான் காரணம்" என்றேன்.

அவள் முக்காலியில் உட்கார்ந்தாள். "அன்னிக்கு நீங்க கேட்டப்போ எனக்குப் பதில் தெரியல. அங்க போனா நல்லா இருக்கு, இங்க வந்தா மூச்சு முட்டுது. ஒருவேளை உங்ககூட இருக்கறதுதான் எனக்கு ஒத்துக்கலையோன்னு எனக்கே பயமாப் போச்சு."

எனக்கும் அதே பயம்தான் என்று சொன்னேன்.

பெட்டியோடுதான் போனாள். "அடைச்சுட்டுச் சொல்லுங்க, வரேன்" என்றாள். சகலை ஜன்னலை இறக்கிவைத்துக்கொண்டு காரை ஓட்டினார்.

டிசம்பர் 1, செவ்வாய்

இணைப்பைத் திருகாணி போட்டு இறுக்கி, பசை பூசி, மேலே அலுமினிய டேப். ஊதுவத்தியைக் கொளுத்திப் பிடித்தேன். புகை நேராக மேலே போனது. வார்னிஷ் டப்பாக்களையும் மரவேலைச் சாமான்களையும் கொல்லைப்புறக் கொட்டகைக்கு மாற்றினேன். அங்கே குளிரில் விரல் மரத்துப்போகிறது. போகட்டும்.

டிசம்பர் 5, சனி

வந்துவிட்டாள். இரவு ஒரு முறை கனைத்தாள். நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். "தண்ணி தாங்க, அவ்வளவுதான்" என்றாள்.

டிசம்பர் 13, ஞாயிறு

காலையில் பெரிய சண்டை. மழையில் நனைந்த கோட்டைக் கழற்றி டிரெஸ்ஸிங் டேபிள் மேல் போட்டுவிட்டேனாம். கோட்டில் ஆரம்பித்து, நான் எதையும் எடுத்த இடத்தில் வைக்காதது, சகலையைக் காட்டிக்கொடுத்து அவள் அக்காவிடம் அவரை மாட்டிவிட்டது, கல்யாணமான புதிதில் அவளை ரயில் நிலையத்தில் மறந்துவிட்டு வந்தது வரைக்கும் ஒரே மூச்சில் போனாள். ஒரு இடத்தில்கூட இருமலுக்காக நிற்கவில்லை. நான் சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டே இருந்தேன்.

"என்ன, வாயே திறக்க மாட்டேங்கறீங்க?" என்றாள்.

"இன்னும் ஏதாவது இருக்கா?" என்று கேட்டேன்.

இருந்தது.