கறுப்புப் பட்டையில் நின்ற ஆமை

குன்னத்துகால்,
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் ஜிஜாவுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே நானும் அம்மாவும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம், அங்கே நீயும் மருமகன் நிஜினும், வயிற்றுக்குள்ளே இருந்து உதைக்கிற ஆளும் சுகமாயிருக்க தினமும் ஜெபிக்கிறோம். தினமும் வீடியோவில் முகம் பார்க்கிற காலத்தில் அப்பனுக்குக் கடிதம் எழுதக் கிறுக்கு பிடித்ததோ என்று நினைப்பாய். போனில் பேசினால் அம்மா பக்கத்தில் நிற்பாள், வாட்ஸ்அப்பில் எழுதினால் என் போனை என்னைவிட முன்னால் அவள்தான் பார்ப்பாள். அதனால் எலியா மாமாவின் ஜெராக்ஸ் கடையில், பேப்பர் கட்டின்மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். பத்தாம் வகுப்பை இரண்டு முறை எழுதின கை, தப்பு இருந்தால் பொறுத்துக்கொள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், யாருக்கும் உயிருக்கு ஆபத்து இல்லை. பயப்படாமல் உட்கார்ந்து படி.

விஷயம் அந்தத் தூத்துவாரும் மெஷினில், தரையில் தானே ஓடித் தூசு பெருக்குகிற அந்த வட்ட மெஷினில் தொடங்கியது. உன் வீட்டில் அது மாடிப்படி ஏறாது, கீழேயும் மேலேயும் தூக்கிக்கொண்டு நடக்க முடியவில்லை என்று போன தடவை நிஜின் வந்தபோது கொடுத்துவிட்டாயே, அதற்கு அம்மா ஆமை என்று பெயர் வைத்தாள். நம் வீட்டுத் தரை உனக்குத் தெரியும். முதலில் ஹால், ஆறு வருடம் கழித்து இரண்டு படி தாழ்வாக அடுக்களை, நீ நர்சிங் சேர்ந்த வருடம் ஒரு படி உயரமாக உன் அறை என்று மூன்று காலத்தில் கட்டின வீடு, சமதளம் என்று ஒன்று கிடையாது. ஆமை முதல் நாள் ஹாலில் நன்றாகத்தான் ஓடியது. அடுக்களைப் படி பக்கம் போனால் நின்று, மோப்பம் பிடித்ததுபோல் திரும்பி வந்துவிடும். அதன் வயிற்றுக்கு அடியில் கண் உண்டு, பள்ளம் வந்தால் அதுவே பார்த்துக்கொள்ளும் என்று நிஜின் போனில் சொன்னான். ஆனால் நம் ஹாலின் சிவப்பு சிமெண்டுத் தரையைச் சுற்றி ஒரு சாண் அகலத்தில் கறுப்புப் பட்டை இருக்கிறதல்லவா, அதையும் அது பள்ளம் என்று நினைத்துவிட்டது. பட்டை வந்ததும் நிற்கும், பின்வாங்கும், அந்த இங்கிலீஷ் பெண் குரலில் முறையிடும். எந்த அறைக்குப் போக வேண்டுமானாலும் அந்தப் பட்டையைத் தாண்டித்தானே போகவேண்டும். நடு ஹால் மட்டும் கண்ணாடி மாதிரி மின்னியது, மற்றதெல்லாம் பழையபடி. எலியா மாமா வந்து பார்த்துவிட்டு, "எலே நேசையா, அம்பூரி மலையில பஸ் ஓட்டினவனாக்கும். ஒரு ஆமைய ஒரு சாண் தாண்ட வைக்க முடியல்லியா? நாணக்கேடு" என்றான். எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

யூடியூபில் ஒருவன் வழி சொன்னான். ஆமையைக் கவிழ்த்து, அடியில் உள்ள கண்கள்மேல் வெள்ளை டேப் ஒட்டிவிட்டால் கறுப்பு அதற்குத் தெரியாதாம். நான் ஒட்டினேன். பட்டையைத் தாண்டியது. நான் கைதட்டினேன். தாண்டின அதே வேகத்தில் நேராக அடுக்களைப் படிக்குப் போய், இரண்டு படியும் உருண்டு, அரிசிப் பானை அருகில் மல்லாந்து கிடந்து சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது. அம்மா அன்றைக்குச் சிரித்த சிரிப்பு, நீ கேட்டிருக்கவேண்டும். "கண்ணக் கெட்டி விட்டா யாருதான் விழமாட்டா? அது நல்ல பிள்ளயாக்கும், நீங்கதான் தள்ளி விட்டீங்க" என்றாள். அப்போதே டேப்பைப் பிய்த்திருக்கவேண்டும். உன் அப்பனுக்கு அதைவிடப் பெரிய புத்தி வந்தது. பாத்திரம் துலக்க உட்காருகிற அந்தச் சின்ன பெஞ்சைக் கொண்டுவந்து அடுக்களைப் படியின் தலையில் குறுக்கே போட்டேன். ஆமை முட்டித் திரும்பிவிடும். மனிதர்கள் காலைத் தூக்கி வைத்தால் தாண்டிவிடலாம், முழங்கால் உயரம்கூட இல்லை. அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது, கண்ணுக்கு முன்னால் கிடக்கிற பெஞ்சு.

மூன்று வாரத்துக்கு முந்தின செவ்வாய்க்கிழமை, பெஞ்சு போட்ட அன்றைக்கே, காலை பதினொரு மணி. வெயில் ஹாலுக்குள் வந்து கிடந்தது. அம்மா மரச்சீனிக் கிழங்கு நறுக்கின சட்டியோடு ஹாலில் இருந்து அடுக்களைக்குப் போனாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் நேராக நடந்து, பெஞ்சு இருக்கிற இடத்தில் பெஞ்சே இல்லாததுபோல் காலை வைத்தாள். சட்டி ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். இடது கை மணிக்கட்டு எலும்பில் கீறல் விட்டுவிட்டது, மாவுக்கட்டு போட்டிருக்கிறது. இந்த மூன்று வாரமாக வீடியோவில் இடது கையைச் சேலைத் தலைப்புக்குள்ளேயே வைத்திருந்ததும், நீ கேட்டதற்குக் குளிருது மக்களே என்றதும் அதற்குத்தான். நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்ட டாக்டர், பகல் வெளிச்சத்தில் குறுக்கே கிடந்த பெஞ்சு எப்படி அம்மா தெரியவில்லை என்று மலையாளத்தில் கேட்டார். நான் முந்திக்கொண்டு, "ஓர்மைப் பிசகு டாக்டரே, மறந்துட்டா" என்றேன். அவர் என்னைப் பார்க்காமல், கண் டாக்டருக்குச் சீட்டு எழுதினார்.

அங்கே ஒரு சோதனை. ஒரு கிண்ணம் மாதிரி மெஷினுக்குள் முகத்தை வைத்து நடுப்புள்ளியையே பார்க்கவேண்டும், ஓரத்தில் சின்ன வெளிச்சம் மின்னும்போதெல்லாம் கையில் உள்ள பித்தானை அமுக்கவேண்டும். நான் பின்னால் நின்றேன். ஒரு திரையில் எங்கெங்கே மின்னுகிறது என்று தெரிந்தது. இடப்பக்கம் மின்னியது, அமுக்கவில்லை. கீழே மின்னியது, அமுக்கவில்லை. கீழே, திரும்பவும் கீழே. நான் மனதுக்குள் அமுக்கு சுகிர்தம், அமுக்கு என்று சொல்லிக்கொண்டே நின்றேன். நடுவில் வந்தபோது மட்டும் டக் டக்கென்று அமுக்கினாள். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி ஓரப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டதாம். நேராகப் பார்த்தால் வேதப்புத்தகம் படிப்பாள், ஊசியில் நூல் கோர்ப்பாள், போனில் உன் முகத்தைப் பார்ப்பாள், அதனால் நமக்கு ஒன்றும் தெரியவில்லை. காலடியில் இருப்பது தெரியாது. போனது திரும்பி வராது, இருக்கிறதை மருந்து விட்டுக் காக்கலாம், ஒரு நாள்கூட விடக்கூடாது என்றார் கண் டாக்டர்.

வரும் வழியில் ஆட்டோவில் கேட்டேன், எத்தனை நாளாக என்று. "ரெண்டு வருஷம் இருக்கும். வயசானா இப்படித்தான் போலண்ணு நெனச்சேன்" என்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள், வீட்டில் அவள் எண்ணித்தான் நடக்கிறாளாம். கட்டிலில் இருந்து வாசல் எட்டு அடி, ஹால் பதினொன்று, கறுப்புப் பட்டை கால் விரலுக்கு வழுவழுப்பாகத் தெரியும், அதற்கப்புறம் இரண்டு படி. கறுப்புப் பட்டை வந்தால் அவளும் ஒரு நிமிடம் நின்று, பாதத்தால் தடவிப் பார்த்துத்தான் காலை வைக்கிறாள். வீட்டுக்கு வந்து அதை நான் கண்ணால் பார்த்தேன். ஆமை நின்று பின்வாங்கியபோது வீடே சிரித்தோமே மகளே, அதே இடத்தில் அவள் இரண்டு வருடமாக நின்றிருக்கிறாள். முப்பது வருடம் மூன்று கண்ணாடி பார்த்து பஸ் ஓட்டினவன் நான், எனக்குக் கண் பரிசோதனை என்று எத்தனை முறை கூட்டிக்கொண்டு போனார்கள். பின்னால் வருகிற ஸ்கூட்டர் எல்லாம் தெரிந்தது, பக்கத்தில் நடக்கிறவள் தெரியவில்லை.

இப்போது கடினமான பகுதி. ஜனவரியில் உன் பிரசவத்துக்கு வர அம்மாவுக்கு விமான டிக்கெட் எடுத்திருக்கிறாய். "ஜிஜாட்ட சொல்லாண்டாம். சொன்னா வராண்டாம்ணு சொல்லுவா. எனக்க பிள்ளைக்க பேறுகாலத்துக்கு நான் போகாம பின்ன யாரு போவா?" என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். அந்தச் சத்தியத்தைத்தான் ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து உடைக்கிறேன். உன் வீட்டில் மாடிப்படி முழுக்க ஒரே சாம்பல் நிறக் கம்பளம், படி எங்கே முடிகிறது என்று எனக்கே வீடியோவில் தெரியவில்லை. பிறந்த பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு அவள் அதில் இறங்குவதை நினைத்தால் எனக்கு உறக்கம் வரவில்லை. வராதே என்று நான் சொன்னால் அவள் மனம் உடையும், வா என்று நீ தெரியாமல் சொன்னால் வேறு ஏதாவது உடையும். எனக்குத் தீர்மானம் எடுக்கத் தெரியவில்லை.

சனிக்கிழமை. மேலே உள்ளது வரை நேற்று எழுதினேன். அம்மா சட்டையைத் துவைக்க எடுத்தபோது, பையில் மடித்து வைத்த கடிதம் அவள் கையில் சிக்கிவிட்டது. ஜன்னலோரம் உட்கார்ந்து, வரிக்கு வரி விரல் வைத்து, முழுதும் படித்தாள். நான் வசவு வாங்கத் தயாராக ஆமையைத் துடைக்கிற பாவனையில் நின்றேன். "எல்லாம் எழுதியாச்சு. மின்னுனது அமுக்கல்லண்ணு வரைக்கும் எழுதியாச்சு. வேண்டியத மட்டும் கேக்கல்ல" என்றாள். என்ன என்றேன். "அவளுக்க வீட்டில ஸ்டெப் எத்தன உண்டு? எந்த ஸ்டெப்பில திரும்பணும்? கைப்பிடி வலத்தா, இடத்தா? அது தெரிஞ்சா நான் இங்கேயே எண்ணிப் படிச்சிட்டு வாறேன்." அப்புறம் கடிதத்தை மடித்து என் கையில் தந்து இதையும் எழுதச் சொன்னாள்: பிள்ளையைக் கையில் எடுத்தால் எடுத்த இடத்திலேயே உட்கார்ந்திருப்பாளாம், பிள்ளையோடு ஒரு படியும் ஏறவோ இறங்கவோ மாட்டாளாம், அதை நீ கேட்டு அவள் சொல்லுகிற நிலை வேண்டாம், அவளே சொல்லிவிட்டாள்.

ஆகவே மகளே, படிகளை எண்ணி எழுது. ஒவ்வொரு படி ஓரத்திலும் நல்ல மஞ்சள் நிறத்தில் டேப் ஒட்டச் சொல், வீட்டுக்காரர் முறைத்தால் நிஜின் பேசிக்கொள்ளட்டும். வழியில் செருப்பு, பை ஒன்றும் கிடக்கக்கூடாது, வைத்த சாமானை இடம் மாற்றக்கூடாது. அதைவிட முக்கியம், இந்தக் கண் நோய் தாயிடமிருந்து பிள்ளைக்கும் வருமாம். நீ நர்ஸ் என்று சொல்லி என்னை ஏமாற்றாதே, இந்த மாதமே உன் கண்ணைக் காட்டி, சரி என்ற செய்தியை எனக்கு அனுப்பு. ஆமையின் கண்ணில் இருந்த டேப்பைப் பிய்த்துவிட்டேன். அது பழையபடி கறுப்புப் பட்டையில் நிற்கிறது, நிற்கட்டும். பட்டைக்கு அப்பால் நான் துடைப்பம் பிடிக்கிறேன், மூலையில் தூசு விடுகிறேன் என்று அம்மாவிடம் பேச்சு கேட்கிறேன். தூசு மட்டும் அவளுக்கு எப்படியோ தெரிகிறது.

ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. மருமகனுக்கு எங்கள் அன்பு. ராத்திரி மருந்து விட்டாயா என்று அம்மாவிடம் கேட்க மறவாதே, இனி நீ கேட்டால் அவள் பொய் சொல்லமாட்டாள்.

இப்படிக்கு,
உன் அப்பா
நேசையன்

(கீழே உள்ள கோணல் எழுத்து அம்மாவுடையது, இடது கையால் தாளைப் பிடிக்க முடியவில்லை.)
ஸ்டெப் எண்ணும்போது கீழே இருந்து எண்ணு மக்களே, நான் முதல்ல ஏறித்தானே வருவேன்.