ஒரு சுழி கூடிய செம்பேன்

நிலம் விளைக, நீர் நிலைக்க, வேலங்குடிக் கோமான் குடைநிழல் நீள்க. தென்கரை நாட்டு வெற்றிலைக் கொடிக்கால்களுக்கு அதிகாரியான நெடுமானரையர் காண, அரண்மனை ஓலைநாயகம் இளம்பூதன் விடுக்கும் ஓலை. உம் குடிகள் நலமுறுக.

சென்ற திங்கள் இளம்பூதன் தன் கையால் எழுதியது, வெற்றிலைச் சாற்றைச் செம்பேன் உறிஞ்சும், கண்டவிடத்துப் பிடித்து அழிக்க என்பதே. ஓலையில் புள்ளி இடுவதில்லை. குறிலுக்கும் நெடிலுக்கும் ஒரே கொம்பு. போதாக்குறைக்கு, இரண்டு சுழி ன வரவேண்டிய இடத்தில் அவன் கை மூன்று சுழி ண போட்டுவிட்டது. நீர் அதைச் செம்பெண் என்று படித்து, சிவந்த மேனியள் என்பதற்காகக் கொற்றி என்னும் கொடிக்கால்காரியைச் சிறையிட்டீர். பிடித்தாயிற்று, எரிப்பதா ஆற்றில் அமிழ்த்துவதா என்று நீர் கேட்டு விடுத்த ஓலையைப் படித்தபின்னரே இளம்பூதன் தன் பிழையை அறிந்தான்.

ஆகவே செம்பேன் இன்னதென்று ஐயமற அறிக. அது மணல் துகளினும் சிறிது. தலையும் உடலும் பிரியாது ஒன்றாய் உருண்டிருக்கும், சிறகில்லை, உணர்கொம்பில்லை, முதுகில் மெல்லிய மயிர் நிற்கும். இலையடியில் நூலாம்படை கட்டி, வாயூசியால் குத்திக் குடிக்கும். குடித்த இடம் வெளுத்துப் பழுக்கும். முட்டை பளிங்குபோல் தெளிந்திருக்கும். பொரிந்த குஞ்சுக்குக் கால் ஆறு. அது தின்று, அசையாது கிடந்து, தோலுரித்து எழுகையில் எட்டாகும். இன்னும் இருமுறை அவ்வாறே கிடந்து உரித்தபின் முதிரும். கடுங்கோடையில் எல்லாம் பத்து நாளில் முடியும். ஆண் சிறுத்து, பின்புறம் கூம்பியிருக்கும்.

கொற்றிக்குக் கால் இரண்டு. எண்ணிப் பார்க்க உம்மிடம் ஆளில்லாமற் போனது வியப்பே.

இப்பேனை முதலில் கண்டு அரண்மனைக்குச் சொல்லியனுப்பியவளும் அவள்தான். சிறையிலிருந்து அவள் உயிர்ப்பிச்சை கேட்கவில்லை என்றும், இலையடியில் நீர் அடிக்க ஆள் விட்டார்களா என்றே நாள்தோறும் கேட்கிறாள் என்றும் அவ்வோலை கொணர்ந்த உம் காவலர் கூறினர்.

ஓலை கண்டவுடன் அவளை விடுக. அவள் கேட்கும் ஆளும் நீரும் கொடுக்க. எரிக்க வேண்டியது பழுத்த இலையை மட்டுமே.

பிழை இளம்பூதனுடையது. அதைக் கோமானிடம் ஒப்புக்கொண்டு எழுத்தாணியை அவர் முன் வைத்துவிட்டான். அவன் சொல்ல, இதனை எழுதியது வேறு கை. பொறுத்தேன் என்று கொற்றி சொன்னால் எழுத்தாணியை அவன் மீண்டும் எடுப்பான். சொல்லாவிடில், அவளைச் சொல்லச்சொல்லி ஒருவரும் வற்புறுத்தலாகாது. இது கோமான் ஆணை. நாரை முத்திரை இட்டது.